அத்தியாயம் 6: வாய் நலம் – டீ, வெற்றிலை, சர்க்கரை மாத்திரை

பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள், சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்க ஒரு நாள் என்று கணக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் நீலகிரி மலையின் தேவாலாவில் இப்போது நிறைய. அதே வீடுகளில் பல்லுக்கென்று ஒரு நாள் கிடையாது. தூங்கவிடாத வலி வந்த பிறகுதான் பல் ஞாபகத்துக்கு வருகிறது. மறுநாள் கூடலூருக்குப் பஸ் ஏறி, "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று வாயைத் திறக்கிறோம். வலி போய்விடுகிறது. அந்தப் பல் ஏன் கெட்டது, கெடுத்த காரணம் உடம்பில் வேறு எங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் பெரும்பகுதி சொத்தையும் ஈறு நோயும். இரண்டுக்கும் மூலம் நாம் அன்றாடம் வாயில் போடுவதும், வாயைக் கழுவாமல் விடுவதும்தான். தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வாயில் போடுவது டீயும் வெற்றிலையும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

டீ மேல் குற்றமில்லை

விடியற்காலையில் அடுப்படியில் பால் விடாத ஒரு கட்டன், வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒன்று, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, இலை நிறுத்த பின் ஒன்று, மழையில் நனைந்து வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. இந்தக் குளிருக்கு இது அதிகமென்று சொல்ல முடியாது. டீயை நிறுத்தச் சொல்லி இந்தப் புத்தகம் எங்கும் சொல்லப்போவதில்லை. தேயிலைச் செடி, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி. கொழுந்தைவிட முற்றிய இலையில் அது கூடுதல். வெறும் தேயிலைத் தண்ணீர் பல்லைக் கறையாக்கலாம், சொத்தையாக்காது.

சிக்கல் சர்க்கரையில் இருக்கிறது. அளவைவிட, எத்தனை தடவை என்பதில் இருக்கிறது. பல்லின் மேல் படிந்திருக்கும் ஊத்தையில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. இனிப்பு வாய்க்குள் வந்த சில நிமிடங்களிலேயே அவை அதைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்த சத்தை மெல்லத் திருப்பிச் சேர்க்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த டீயோ ஒரு பிஸ்கட்டோ வந்துவிட்டால் எச்சில் செய்த வேலை அப்படியே நின்றுவிடும்.

இதை உலகம் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் இல்லை. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மருத்துவமனையில், 1940-களின் பிற்பகுதியில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய்களை நாள் முழுக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பல பேருடைய பற்கள் அழிந்தன. சாப்பாட்டோடு சேர்ந்த இனிப்பு சொத்தையை அதிகம் கூட்டவில்லை, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்த ஒட்டும் இனிப்பு பல மடங்கு கூட்டியது என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்த மனிதர்கள் பட்ட வேதனையிலிருந்து வந்த பாடம் இது. தெரிந்துகொண்ட பிறகாவது பயன்படுத்துவோம்.

ஆகவே ஆறு டீயில் இரண்டை இனிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சாப்பாட்டை ஒட்டிக் குடியுங்கள். மற்ற நான்கும் சர்க்கரையில்லாத கட்டனாக இருக்கட்டும். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இனிப்பில்லாத குறை பாதி தீரும். முதல் வாரம் பிடிக்காது. சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும். வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்குச் சர்க்கரை மாதிரியேதான். அதில் சலுகை இல்லை.

கூட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரியும். ஒரு சின்னக் கரண்டிச் சர்க்கரை நாலிலிருந்து ஐந்து கிராம். ஆறு டீக்கு இரண்டிரண்டு கரண்டி என்றால் ஐம்பது கிராமைத் தொட்டுவிடும். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எல்லா வகையிலும் சேர்த்துத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறார்கள். பல்லைக் காப்பாற்ற டீயில் குறைக்கும் சர்க்கரை ரத்தத்திலும் குறைகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தியம் தேவையில்லை.

கைக்குழந்தைக்குப் புட்டியில் இனிப்பு டீ கொடுப்பதை மட்டும் முழுக்க நிறுத்த வேண்டும். புட்டி வாயிலேயே தூங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கருத்து உடைந்து போகும். போதாக்குறைக்கு டீ, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சோகை ஏற்கெனவே நிறைந்த பகுதி இது.

வெற்றிலைப் பை

எழுதக் கஷ்டமான பகுதி இது. வெற்றிலை இங்கே வெறும் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிலும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மண்ணில் வாழும் பணியர், காட்டுநாயக்கர் வீடுகளிலும் வெற்றிலைத் தட்டு இல்லாமல் நல்லது கெட்டது நடக்காது. மழையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது பசியை அடக்குகிறது, உடம்பில் சூடு ஏறின மாதிரி இருக்கிறது. இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருக்கும் அதே புகையிலையை உப்போடு குழைத்து அட்டை ஏறாமலிருக்கக் காலில் தடவுகிறவர்களும் உண்டு. வசதி படைத்தவர்கள் தூரத்தில் நின்று "விட்டுவிடு" என்று சொல்வது எளிது.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. "நான் பொகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாக்கை நாள் முழுக்க அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உள்தசை நார் நாராக இறுகும். காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இலிருந்து தடை உத்தரவு வந்துகொண்டிருந்தாலும், பாக்கெட் பாக்குக்கு ஆசைப்படும் பள்ளிப் பையன்களிடம் இந்த இறுக்கம் பெரியவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது.

புகையிலைப் பழக்கம் பல பெண்களிடம் பல்வலியில்தான் தொடங்குகிறது. சொத்தைப் பல்லில் ஒரு துண்டை அடக்கி வைத்தால் மரத்துப்போகும். வலி நின்ற பிறகும் கை பையைத் தேடும். அந்தப் பல்லை நேரத்துக்குச் சரிசெய்திருந்தால் புகையிலை அந்த வாய்க்குள் வந்திருக்காது. வீட்டில் யாருக்காவது பல்வலி என்றால் கிராம்பைக் கடித்து வைக்கச் சொல்லுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறவர்களுக்குப் பாராசிட்டமால் கொடுங்கள். அந்த வாரத்துக்குள் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

விட நினைப்பவர்கள் புகையிலையை முதலில் விடுங்கள், பாக்கை அடுத்து. ஒரே நாளில் முடியாவிட்டால் வேலை நேரத்தில் பையை எடுத்துப் போகாமல் இருப்பதில் தொடங்கலாம். முதல் சில நாட்கள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரும். நிக்கோட்டின் இறங்குவதால் வருவது, தானாகத் தணியும். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் சோம்பு, கிராம்பு, ஏலக்காய் கையில் இருக்கட்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கிடைக்கும். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

மாதம் ஒரு முறை, வாசல் வெளிச்சத்தில்

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1990-களின் நடுவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம் நடத்தியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. 2005-இல் முடிவு வந்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. மலையாளம் பாதி தமிழ் பாதி பேசும் நம் எல்லைப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கற்றுக்கொள்ளுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் உட்காருங்கள். மழை இருட்டென்றால் இன்னொருவர் டார்ச் அடிக்கட்டும். உதட்டை மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். விரலால் கன்னத்தை வெளியே இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெற்றிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்களோ அந்தப் பக்கம் இரண்டு தடவை. நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இடமும் வலமும் திருப்பி ஓரங்களைப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள், அங்கே ஒளிந்திருப்பது கடைசியில்தான் கண்ணில் படும். பிறகு மேல் அண்ணம். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். உங்கள் விரல்கள் உங்கள் வாய்க்குள் நுழைய வேண்டும்.

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வலியில்லாத கட்டி, காரணமில்லாமல் ஆடும் ஒற்றைப் பல், மூன்று விரல் நுழையாத வாய். இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் வாய்ப் புற்று வலிப்பதில்லை. சிவப்புத் திட்டுக்கு நான் அதிகம் பயப்படுவேன், வெள்ளையைவிட அதில்தான் ஆபத்து கூடுதல்.

இந்தச் சோதனையில் வேறு செய்திகளும் கிடைக்கும். நாக்கு வெளுத்துச் சுரசுரப்பின்றி வழுவழுவென்று இருந்தால், கடைவாயோரம் வெடித்துக்கொண்டே இருந்தால், சோகையோ வைட்டமின் குறைவோ இருக்கலாம். தயிர் அப்பின மாதிரி வெள்ளைப் படலம் துடைத்தால் வந்துவிட்டால் அது பூஞ்சை. பெரியவருக்கு அப்படி வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

ஈறில் ரத்தம், ரத்தத்தில் சர்க்கரை

"பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா?" என்று செவிலியர் கேட்டால், "எல்லாருக்கும் வரும்தானே சிஸ்டர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வரக் கூடாது. கையைக் கழுவும்போது ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா?

ஈறோரம் ஊத்தை தங்கி, இறுகிக் காரையாகி, ஈறு வீங்குகிறது. வருடக்கணக்கில் விட்டால் அழற்சி எலும்புவரை இறங்கிப் பல் ஆடத் தொடங்கும். சர்க்கரை நோயாளிக்கு இது வேகமாக நடக்கும், கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்களின் வேலை கெட்டிருப்பதால். அதே நேரத்தில் ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சி, இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் சர்க்கரையை ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரை அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. எட்டரை என்பது ஏறக்குறைய எட்டாகும் அளவு. மாத்திரையை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்காதவர்கள் ஈறைக் காட்டியிருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்ற பயம் இங்கே வலுவாக இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்து நிறுத்திவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். எடுக்காமல் விட்டால் எலும்பு மேலும் கரையும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதிலும் உண்மையில்லை.

மாரடைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. ஈறைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈறு வழியாக ரத்தத்தில் ஏறும் கிருமி வால்வில் போய் உட்காரக்கூடும். அதைத் தடுக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரஷர் மாத்திரைக்கும் ஈறுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். அதில் பலருக்கும் கிடைக்கும் அம்லோடிபின், சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின்மேல் வளரச் செய்யும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினும் அப்படியே. ஊத்தை தங்கிய வாயில் இது இன்னும் மோசமாகும். அப்படி வளர்ந்தால் மாத்திரையைக் குப்பையில் போடாமல் சீட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

இந்த மலைக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். இந்தியாவில் சிக்கிள் செல் என்ற ரத்தக் கோளாறு முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். பணியர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை நீண்ட காலமாக இவர்களைக் கவனித்து வருகிறது. சிக்கிள் செல் உள்ளவருக்குப் பல்லில் சீழ் பிடித்தால் அந்தத் தொற்றே உடம்பு முழுக்க வலியைக் கிளப்பிவிடக்கூடும். சொத்தையே இல்லாமல் தாடை வலிப்பதும் உண்டு. அதனால் நல்ல பல்லைப் பிடுங்கிவிடாமலிருக்க, சிக்கிள் செல் இருப்பதைக் காட்டும் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். போகும்போது நனையாமல், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள்.

ராத்திரி அடுப்போரம்

காலையில் பல் தேய்க்காதவர் அரிது. ராத்திரி தேய்ப்பவர்தான் அரிது. தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிக்கு அதுவே நல்ல நேரம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிரில் யார் தேய்ப்பது என்றால், அடுப்பை அணைக்குமுன் ஒரு சொம்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

பல்குச்சிக்குச் சொல்லும் ஆலும் வேலும் சமவெளி மரங்கள், இந்த மழை மண்ணில் வேம்பே அபூர்வம். மாவிலையும் உமிக்கரியும்தான் இங்கே பழக்கம். மாவிலையில் தேய்ப்பதில் தவறில்லை, ஆனால் பல் இடுக்கில் போகாது. உமிக்கரி பல்லைத் தேய்த்தே கரைக்கும். புகையிலை கலந்த பல்பொடிக்கு இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. பெயர் தெரியாத பொட்டலங்களை வாங்காதீர்கள். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை போதும், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அட்டைப் பெட்டியில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் குழந்தைக்கு அரிசியளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணியளவு. துப்பிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பசை கொஞ்சம் பல்லில் தங்குவது நல்லது.

பிரஷ் மிருதுவாக இருக்கட்டும். ஈறோரத்தில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேவாலாவில் எதுவும் காயாது, பிரஷும் காயாது. மூடி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒன்றோடொன்று உரசாமல் டம்ளரில் நிமிர்த்தி, அடுப்படிப் பக்கம் காற்றாட வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மசக்கையில் வாந்தி எடுத்ததும் உடனே தேய்க்காமல் தண்ணீரில் கொப்பளித்து அரை மணி பொறுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பல் சிகிச்சை செய்யலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களின் வாயை யாரும் பார்ப்பதில்லை. அந்த வாயிலிருக்கும் கிருமி எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாகிறது. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் தினமும் வாயைச் சுத்தம் செய்துவிட்டதில் நிமோனியா குறைந்தது என்று 1999-இல் வெளியான ஆய்வு சொன்னது. பாட்டியைத் தலை உயர்த்தி உட்கார வைத்து, மிருதுவான பிரஷாலோ ஈரத் துணியாலோ பல், ஈறு, நாக்கு மூன்றையும் துடைத்துவிடுங்கள். பல்லே இல்லாத வாய்க்கும் இது வேண்டும். கட்டுப்பல்லை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

காத்திருக்கக் கூடாத வீக்கம்

பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலும் இருந்து, எச்சில் விழுங்க முடியாமலோ நாக்கு மேலே தள்ளியோ மூச்சுத் திணறியோ இருந்தால் அது சாதாரணப் பல்வலி கிடையாது. சீழ் கழுத்துக்கு இறங்குகிறது. சில மணி நேரத்தில் மூச்சுக்குழாயை அடைக்கும். சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள், பத்துப் போடாதீர்கள், பாக்கி இருக்கும் பழைய மாத்திரையைக் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே இன்னும் 50 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும்; மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபடுவது நமக்குப் புதிதில்லை. சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவோரம் மாட்டி வையுங்கள், கிளம்பும்போது தேட வேண்டியிருக்காது.